மெதுவாகச் சுற்றிய பிளேடு

ஐப்பசி மழை நாலைந்து நாள் விடாமல் அடித்து ஓய்ந்தபோது கெஸ்ட் ஹவுஸ் புல்தரை கணுக்கால் மறைய வளர்ந்து நின்றது. சிமெண்ட் ஆலை காம்பவுண்டுக்குள் இருந்த அந்தக் கெஸ்ட் ஹவுஸின் தோட்டத்தை அனுசுயாவும் அவள் புருஷன் பூவரசனும்தான் பார்த்துக்கொண்டார்கள். அவன் மெஷின் தள்ளிப் புல் வெட்டுவான். அவள் வெட்டிய புல்லை வாரிக் கொட்டுவாள், குரோட்டன்ஸ் வேலியைக் கத்தரிப்பாள், இலைமேல் படிந்திருக்கிற சிமெண்ட் தூசியைக் குழாய்த் தண்ணீர் அடித்துக் கழுவிவிடுவாள். மழைக்காலத்தில் அந்தக் கழுவுகிற வேலை மட்டும் இல்லை. அதற்குப் பதிலாகப் புல் வந்துவிடும்.

இரண்டு பேருக்கும் ஊர் செந்துறைக்குத் தெற்கே. அங்கிருந்து டிவிஎஸ் வண்டியில் அவன் ஓட்ட, அவள் பின்னால் தூக்குவாளியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து வருவாள். முன்பு அவர்களுக்குச் சோளமும் பருத்தியும் விளைகிற கரிசல் கொஞ்சம் இருந்தது. சுண்ணாம்புக்கல் எடுக்க அது போய்விட்டது. நிலம் கொடுத்தவர்களுக்கு வேலை என்றார்கள். வேலை வந்தது, ஆனால் ஆலையில் இல்லை, ஆலைக்குத் தோட்டம் பார்க்கிற கான்ட்ராக்ட்காரனிடம். பூவரசன் அதைப் பற்றிப் புலம்பியவன் இல்லை. அவனுக்கு மண்ணைவிட மெஷின்மேல்தான் கிறுக்கு அதிகம். ஊரில் யார் வீட்டு மருந்தடிக்கிற டேங்க் அடைத்துக்கொண்டாலும், மிக்சி ஓடாவிட்டாலும், அவன் வாசலுக்குத்தான் வரும். சரியாகிப் போனதும் உண்டு, குழந்தை கலைத்துப் போட்ட சொப்புச்சாமான் மாதிரி சாக்கில் கட்டித் திருப்பிக் கொடுத்ததும் உண்டு. தோற்றால் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடமாட்டான்.

பிள்ளையில்லை. அனுசுயாவுக்கு அவன் சொந்த அத்தை மகன். பாவாடை கட்டின காலத்திலிருந்தே மாமா என்று கூப்பிட்டவள். அத்தை கலியம்மாள் நாலு ஆடு வைத்துக்கொண்டு கூடவே இருந்தாள். மூன்று பேரும் ஒரே அடுப்பு.

அந்த மழைக்குப் பிறகுதான் மெஷின் மக்கர் பண்ணத் தொடங்கியது. கரண்டில் ஓடுகிற மெஷின் அது. அடியில் ஒரு பிளேடு, மேலே மோட்டார், தள்ளுவதற்குக் கைப்பிடி, பின்னால் நீளமாக ஒயர். பிளேடு சுற்றத்தான் செய்தது. ஆனால் வேகமில்லை. சுற்றுகிற பிளேடு கண்ணுக்குத் தெரியக் கூடாது; இது தெரிந்தது. வராண்டா ஓரத்தில் ஓரளவுக்கு வெட்டிக்கொண்டு போகும். ஒயரோடு ஒயர் சேர்த்துக் காம்பவுண்டுச் சுவர்ப் பக்கம் தள்ளிக்கொண்டு போகப் போக முக்கி முனகும். புல்லை அரிந்துவிடாமல் கடித்துப் பிய்த்துப் போடும். பிய்ந்த நுனியெல்லாம் மறுநாள் பழுப்பாகக் காய்ந்து, தரையே சொறி பிடித்தது போலத் தெரிந்தது.

சூப்பர்வைசர் ராஜராஜனிடம் போய்ச் சொன்னான். அவர், மெஷின் வாங்கி எத்தனை நாள் ஆகிறது, அதற்குள் என்ன வரப்போகிறது, ஈரப் புல்லில் அழுத்தித் தள்ளினால் அப்படித்தான் என்றார். எலக்ட்ரீஷியனை அனுப்பக் கேட்டதற்கு, ஆலையில் இருக்கிற வேலைக்கே அவர்களுக்கு ஆள் போதவில்லை, புல்லுக்கெல்லாம் வரமாட்டார்கள் என்று சொல்லிவிட்டார். போகும்போது இன்னொன்றும் சொன்னார். அடுத்த வாரம் வடக்கேயிருந்து பெரிய ஆட்கள் வந்து தங்கப் போகிறார்கள். புல்தரை இந்த லட்சணத்தில் இருந்தால், பெரம்பலூரில் பெட்ரோல் மெஷின் வைத்திருக்கிற ஒரு கூட்டத்தைக் கூட்டி வந்துவிடுவேன், அப்புறம் உங்கள் இரண்டு பேருக்கும் இங்கே வேலை இல்லை.

பூவரசன் அன்றைக்கே மெஷினைக் கவிழ்த்துவிட்டான். அடித் தகட்டில் ஈரப் புல் சாணி மாதிரி அப்பி இறுகிப் போயிருந்தது. அதைச் சுரண்டி எடுத்தான். பிளேடைக் கழற்றி அரம் போட்டுத் தீட்டினான். வேகம் வரவில்லை. மறுநாள் பேரிங்குக்குக் கிரீஸ் வைத்தான். வரவில்லை. அடுத்த நாள் அரியலூர் போய், மோட்டாருக்குள் தேய்கிற கார்பன் கட்டை ஒரு ஜோடி வாங்கி வந்து மாற்றினான். அதை மாற்றியபோது அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே. ஜெயித்துவிட்டவன் போல உட்கார்ந்திருந்தான். மெஷினைப் போட்டுச் சுவர்ப் பக்கம் கொண்டுபோனதும் மறுபடி அதே முனகல். கையை வைத்துப் பார்த்தால் மோட்டார் சட்டி மாதிரி சுட்டது.

ராத்திரி சோற்றைப் பிசைந்துகொண்டே அதைத்தான் பேசினான். கருவாட்டுக் குழம்பு. அவனுக்குப் பிடித்தது. ருசி தெரிந்து தின்றதாகத் தெரியவில்லை. மோட்டாருக்குள் கம்பி சுற்றியிருக்கிற காயிலில் ஏதாவது அடிபட்டிருக்குமோ, மழைத் தண்ணி உள்ளே இறங்கியிருக்குமோ என்று அவனே கேட்டு அவனே பதில் சொல்லிக்கொண்டான். போனால் போகிறது, வேறு வேலையா இல்லை, முந்திரிக் காட்டில் களை வெட்டப் போகலாம் என்று அத்தை சொன்னாள். அவன் தாயை நிமிர்ந்தே பார்க்கவில்லை.

மறுநாள் காலையில் வானம் மூடியிருந்தது. பெரிய ஆட்கள் வர இரண்டு நாள்தான் இருந்தது. மெஷினைச் சுவர் ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனான். ஓடும்போதே அடியில் என்ன நடக்கிறதென்று பார்த்துவிடுவது என்று முடிவு பண்ணியிருந்தான். கைப்பிடியில் ஒரு பிடி உண்டு. அதை அழுத்திப் பிடித்தால்தான் பிளேடு சுற்றும், விட்டால் நின்றுவிடும். இவர்களுக்கு முன்னால் இருந்தவன், கை வலிக்கிறதென்று அந்தப் பிடியைக் கம்பி போட்டுக் கட்டிவிட்டுப் போயிருந்தான். அதனால் பிளக்கில் சுவிட்சைப் போட்டால் மெஷின் ஓடும், அமர்த்தினால் நிற்கும். பிளக் இருந்தது வராண்டாவில். அங்கிருந்து மூன்று ஒயரை முடிச்சுப் போட்டு, டேப் சுற்றி, புல்தரையின் கடைசி வரைக்கும் இழுத்திருந்தார்கள்.

அனுசுயாவைச் சுவிட்சுகிட்ட நிறுத்தினான். நடுவில் குரோட்டன்ஸ் வேலி. அவளுக்கு அவன் தலை மட்டும் தெரியும்; குனிந்தால் அதுவும் தெரியாது.

“நான் போடுன்னா போடு. நிறுத்துன்னா நிறுத்து. வேற ஒண்ணும் பண்ணவேணாம் புள்ள,” என்றான்.

போடு என்றான், போட்டாள். நிறுத்து என்றான், நிறுத்தினாள். அப்படியே நாலைந்து தடவை நடந்தது. காம்பவுண்டுக்கு வெளியே ரோட்டில் சுண்ணாம்புக்கல் லாரிகள் ஒன்றன் பின்னால் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. அவளுக்கு மதியத்துக்கு வைத்திருந்த சோறு ஞாபகம், மூடியைச் சரியாகப் போட்டோமா, எறும்பு ஏறியிருக்குமா என்று. ஒரு லாரிக்காரன் நீளமாக ஹாரன் அடித்தான். அதற்குள்ளிருந்து பூவரசனின் குரல் வந்தது. போடு என்று அவள் காதில் விழுந்தது. போட்டாள்.

அப்புறம் வந்தது குரலாகவே இல்லை.

அவள் சுவிட்சை அமர்த்திவிட்டு ஓடினாள். அமர்த்தினேனா இல்லையா என்று பாதி வழியில் சந்தேகம் வந்து திரும்பி ஓடி, அமர்த்தியிருப்பதைப் பார்த்து, மறுபடி ஓடி வந்தாள். அந்தத் திரும்பி ஓடினதை அவளால் பிற்பாடு யாரிடமும் சொல்ல முடியவில்லை. பூவரசன் மண்டி போட்டுக்கொண்டு வலது கையை வயிற்றோடு சேர்த்து அமுக்கிக்கொண்டிருந்தான். சட்டை நனைந்துகொண்டே வந்தது. பிளேடு நடுவில், அச்சைச் சுற்றி ஒரு துண்டு நைலான் கயிறு சிக்கியிருந்தது. அதைப் பிடித்து இழுக்கத்தான் கையை விட்டிருக்கிறான்.

அரியலூரிலிருந்து தஞ்சாவூருக்கு அனுப்பினார்கள். அங்கே டாக்டர் வயசுப் பையன், பொறுமையாகத்தான் பேசினார். கத்தியால் வெட்டினது மாதிரி இருந்தால் தைத்து ஒட்டிப் பார்த்திருக்கலாம்மா, இது பிய்ந்து நைந்து போயிருக்கிறது, அந்த பிளேடு வேகமாகச் சுற்றவில்லை போல என்றார். அனுசுயா தலையாட்டினாள். வலது கையில் கட்டைவிரலும் சுண்டுவிரலும் மிஞ்சின. நடுவிலிருந்த மூன்றும் போய்விட்டன.

எப்படி ஆனது என்று முதலில் கேட்டது நர்ஸ். மயக்கம் முழுசாகத் தெளியாமல் கிடந்த பூவரசன் கண்ணைத் திறக்காமலே சொன்னான்.

“நான்தான் போடச் சொன்னேன். கைய எடுக்க மறந்துட்டேன்.”

டாக்டரிடமும் அதையே சொன்னான். பார்க்க வந்த சூப்பர்வைசர் ராஜராஜனிடமும் அதையே சொன்னான். ராஜராஜன் கொஞ்சம் பயந்த முகத்தோடுதான் வந்திருந்தார். அதைக் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். மெஷினைத் திறக்கச் சொன்னது யார், நான் சொன்னேனா, உன் கவனக்குறைவுக்கு யார் பொறுப்பு என்று நிதானமாகக் கேட்டார்.  ஆஸ்பத்திரிச் செலவை மட்டும் பார்த்துக்கொண்டு ஆலைக்காரர்கள் அதோடு கதவைச் சாத்திக்கொண்டார்கள். வீட்டுக்குத் துக்கம் கேட்க வந்தவர்களில் ஒருத்தி, பொண்டாட்டிதான் சுவிட்சைப் போட்டாளாமே என்று இழுத்தபோது, கலியம்மாள் ஆட்டுக் கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டே எழுந்து நின்றுவிட்டாள். என் மவன் சொன்னான், அவ போட்டா, அவமேல ஒரு சொல்லு சொன்னா இந்த வாசப்படி மிதிக்காதே என்றாள். அண்ணன் மகளை அப்படித் தாங்கினாள். அனுசுயா உள்ளே அடுப்படியில் நின்று அதைக் கேட்டாள். யாராவது தலைமயிரைப் பிடித்து இழுத்து நாலு சாத்து சாத்தினால் தேவலை போலிருந்தது அவளுக்கு.

ஏனென்றால் தஞ்சாவூர் ஆஸ்பத்திரி வராண்டாவில் படுத்திருந்தபோதே அவளுக்கு அது தட்டிவிட்டது. அதற்கு முன்னால் அவன் சொன்ன போடு எல்லாம் வெடுக்கென்று வந்தவை. கடைசியாக வந்தது நீளமாக இருந்தது. அதற்கு ஒரு வால் இருந்தது. அந்த வாலை லாரிக்காரன் ஹாரன் தின்றுவிட்டது. போடாத என்று சொல்லியிருப்பானோ? சொல்லியிருந்தால் அவனுக்குத் தெரியாமலா இருக்கும்? தெரிந்தும் எதற்காக ஊரெல்லாம் மாற்றிச் சொல்கிறான்? இதை அவள் மாவு ஆட்டும்போது நினைத்தாள், பஸ்ஸில் நினைத்தாள், அவனுக்குக் கைலி கட்டிவிடும்போதும் நினைத்தாள். கேட்க மட்டும் வாய் வரவில்லை.

பெரிய ஆட்கள் பெரம்பலூர்க் கூட்டம் வெட்டிப் போட்ட புல்லில் உலாவிவிட்டுப் போனார்கள். கூலி கட்டுப்படியாகாமல் அந்தக் கூட்டம் திரும்ப வரவில்லை. கார்த்திகை பாதியில் ராஜராஜன் ஆள் அனுப்பினார். பூவரசன் இடத்தில் அனுசுயாவே மெஷின் தள்ளட்டும், வாரிக் கொட்ட வேறொருத்தியைப் போட்டுக்கொள்ளலாம் என்று. அவள் போகமாட்டேன் என்றாள். அத்தையும் வேண்டாம் என்றாள். பூவரசன் கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தபடி, போ என்று ஒரு சொல் சொன்னான். வேறு வழியும் இல்லை. போனாள்.

விபத்து நடந்த மெஷின் என்பதால் முதல் நாள் அதைப் பார்க்க ஆலையிலிருந்து எலக்ட்ரீஷியனே வந்தான். மணிவண்ணன் என்று பேர், குன்னத்துப் பக்கத்துப் பையன். முடிச்சுப் போட்ட ஒயரையெல்லாம் சுருட்டி ஓரமாகப் போட்டுவிட்டு, மெஷினை வராண்டாவுக்கே தூக்கி வந்து நேராகப் பிளக்கில் சொருகினான். கொர்ரென்று எடுத்த சத்தத்தில் அனுசுயா இரண்டு எட்டுப் பின்னால் போய்விட்டாள். பிளேடு கண்ணுக்கே தெரியவில்லை.

“மெஷின்ல ஒண்ணுமில்லக்கா. ஒயருதான். இவ்வளவு சன்ன ஒயர இவ்வளவு தூரம் இழுத்தா, போய்ச் சேர்றதுக்குள்ள கரண்டு செத்துப்போயிரும். காஞ்ச புல்லுக்குத் தாங்கும், மழையில வளந்த புல்லுக்குத் தாங்காது. நல்ல மோட்டாரு. பாவம், மூச்சுத் திணறித் திணறி ஓடியிருக்கு,” என்றான்.

பிறகு அவனே ஒரு தடித்த ஒயர் கொண்டுவந்து ஒரே துண்டாகப் போட்டுக் கொடுத்தான். கைப்பிடியில் கட்டியிருந்த கம்பியையும் வெட்டி எறிந்தான். அன்று அவள் சுவர் வரைக்கும் வெட்டினாள். புல் அரிந்து அரிந்து விழுந்தது. நுனியெல்லாம் பச்சையாக, ஒரே மட்டமாக இருந்தது. அந்த இடத்துக்கு வந்தபோதும் மெஷின் தயங்கவில்லை. அவள்தான் நின்றாள். பிடியை விட்டுவிட்டு, சத்தம் முழுசாக அடங்கும் வரை சுவரில் கையை ஊன்றிக்கொண்டிருந்தாள்.

வீட்டில் பூவரசன் கேட்டான். எப்படி ஓடுது?

“அப்படியேதான் இருக்கு மாமா,” என்றாள்.

காயில்தான், நான் அப்பவே நினைத்தேன் என்றான் அவன். அதன் பிறகு தினமும் கேட்டான். அவள் வந்து முகம் கழுவுவதற்குள் கேட்டுவிடுவான். சத்தம் எப்படி வருகிறது, சூடு எங்கே ஏறுகிறது, கருகிய வாசம் வருகிறதா. அவள் வாய்க்கு வந்ததைச் சொல்லுவாள். அவன் அதை வைத்துக்கொண்டு விடியும் வரை யோசிப்பான். இடது கையால் சிலேட்டுக் குச்சி பிடித்துத் தரையில் மோட்டார் படம் போட்டுக் காட்டினான். கோடு கோணிக்கொண்டு போகும். அவன் பேசுகிற ஒரே பேச்சு அதுதான் என்பதால் அவளும் விட்டுவிட்டாள். உண்மையைச் சொன்னால் அதுவும் போய்விடுமே என்று பயம். ஒரு துண்டுக் கயிற்றுக்கும் கார்பனுக்கும் பேரிங்குக்கும் அவன் மல்லுக்கட்டியதெல்லாம் ஒன்றுமில்லாததற்கு என்று எந்த வாயால் சொல்வது?

தை பிறந்து, பனி விழுந்துகொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. செந்துறைச் சந்தைக்கு ஒரு கிடாயை விற்க அத்தை போனாள். கூடத் துணைக்குப் பூவரசனும் போனான்; கை போன பிறகு அவன் வெளியே கிளம்பியது அன்றைக்குத்தான். சாயங்காலம் திரும்பி வந்தவன் சட்டையைக் கழற்றவில்லை. நடுவீட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். அத்தை ஆடுகளைக் கொட்டிலில் கட்டப் போயிருந்தாள். அனுசுயா சோறு போட்டு, மொச்சைக் குழம்பை ஊற்றி, கரண்டியை அவன் இடது பக்கம் வைத்தாள்.

“மணிவண்ணனப் பாத்தேன்,” என்றான்.

அவள் குழம்புச் சட்டியை இறக்கி வைத்தாள்.

“ஒயராமே.”

“ஆமா.”

“உனக்கு எப்பத் தெரியும்?”

“நான் வேலைக்குப் போன மொத நாளே.”

அவன் தலையை ஆட்டிக்கொண்டான். கோபம் இல்லை. கோபப்பட்டால் அவளுக்குத் தாங்கிக்கொள்ளத் தெரியும். அவன் வேறு யாருக்கோ நடந்ததை விசாரிப்பவன் மாதிரி, எவ்வளவு தடிமன் ஒயர், எத்தனை முடிச்சு என்றெல்லாம் கேட்டான். ஒயரை நான் பார்க்கவே இல்லை பார், சுவர்ப் பக்கம் போகப் போகத்தானே முக்கினது, அப்பவே தெரிந்திருக்க வேண்டாமா என்று தன்னையே கேட்டுக்கொண்டான். கரண்டியை எடுத்துச் சோற்றைக் கிளறினான். தின்னவில்லை.

“ரெண்டு மாசமா எங்கிட்டப் பொய் சொல்லியிருக்க,” என்றான் கடைசியில், மெதுவாக.

அனுசுயாவுக்கு அப்போதுதான் வாய் வந்தது. 

“நீ மட்டும் என்ன மாமா. அன்னிக்கு நீ என்ன சொன்ன?”

“என்னைக்கு?”

“உனக்குத் தெரியும். போடுன்னா சொன்ன?”

“அதான் எல்லார்கிட்டயும் சொன்னேனே.”

“எல்லாரையும் நான் கேக்கல. எங்கிட்டச் சொல்லு. உன் வாயால கேட்டாத்தான் எனக்குத் தூக்கம் வரும்.”

 கொட்டிலில் அத்தை ஆட்டுக்குட்டியை அதட்டுவது கேட்டது. இல்லை என்று சொல்லிவிடுவான், போடு என்றுதான் சொன்னேன் என்று அடித்துச் சொல்லிவிடுவான் என்று அவள் நம்பினாள். அப்படிச் சொல்லிவிட்டால் அதை உண்மையாக்கிக்கொண்டு காலத்தை ஓட்டிவிடலாம். கேட்டு முடித்த பிறகுதான், தான் கேட்க வந்தது அதைத்தான் என்று அவளுக்கே தெரிந்தது.

“போடாதன்னு சொன்னேன்,” என்றான். “ரெண்டு தடவ சொன்னேன். நல்லா உரக்கத்தான் சொன்னேன்.”

அவள் அழவில்லை. அழுகை வரும் என்று காத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவன் கரண்டியைத் தட்டில் வைத்துவிட்டு, இடது கையால் தட்டைத் தள்ளினான்.

“உன்னக் குத்தம் சொல்லல. லாரி அடிச்சான். எனக்கும் கேட்டுச்சு. இனிமே இதக் கேக்காத.”

அவள் கேட்கவில்லை. அவனும் மெஷினைப் பற்றிக் கேட்பதை நிறுத்திவிட்டான். தரையில் கோடு போடுவதும் நின்றது. அவள் போவாள், வெட்டுவாள், வருவாள். கெஸ்ட் ஹவுஸ் புல்தரை முன்னெப்போதும் இல்லாத மாதிரி அழகாக இருக்கிறது என்று ராஜராஜனே ஒரு நாள் சொன்னார்.

ஆனால் அவளிடம் ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. பூவரசன் கொல்லையிலிருந்தோ திண்ணை இறக்கத்திலிருந்தோ எதையாவது கேட்டால், தண்ணி கொண்டா என்றால்கூட, இருந்த இடத்திலிருந்து சரி என்று சொல்லமாட்டாள். கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடி வந்து, அவன் முகத்துக்கு நேராக நின்று, “என்ன சொன்ன மாமா?” என்பாள். அவன் திரும்பச் சொல்வான். “தண்ணிதான?” என்பாள். ஆமாம் என்பான். போவாள். பாதியில் நின்று திரும்பி வந்து, இன்னொரு தடவை கேட்பாள். அடுப்பில் உலை பொங்கிக் கொண்டிருக்கும். துணி பாதி பிழிந்தபடி கிடக்கும். அத்தை ஒரு தடவை அதட்டிப் பார்த்தாள், ஒரு தடவை அழுதும் பார்த்தாள். அனுசுயாவால் முடியவில்லை.

மாசி கடைசியில் வெயில் ஏறத் தொடங்கியது. கிணற்றடிக்குப் போய், கட்டைவிரலுக்கும் சுண்டுவிரலுக்கும் நடுவில் கயிற்றைக் கொடுத்து, இடது கையால் இழுத்து, பாதி தளும்பிப் போன வாளியைப் பூவரசன் தானே தூக்கி வருவான். பொத்தான் போடமுடியாத சட்டையைத் திறந்தபடியே விட்டுக்கொள்வான். சோறு வேண்டுமென்றால் பானையைத் தானே சாய்த்துக்கொள்வான். சிந்தினதைப் பார்த்துத்தான் அவன் சாப்பிட்டது அவளுக்குத் தெரியவரும். அவன் அவளைக் கூப்பிடுவதையே விட்டுவிட்டான்.